எழுந்து நிற்க வைக்கும் நரம்பு

"படுக்கையை விட்டுச் சட்டென்று எழாதே, ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் எழு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒரு நிமிடத்தில் உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தாலே, நாம் நினைக்காமலே உள்ளுறுப்புகளையும் இரத்தக் குழாய்களையும் இயக்கும் பரிவு நரம்பு மண்டலத்தின் பாதிக் கதை புரிந்துவிடும்.

படுத்திருக்கும்போது தலையும் இதயமும் காலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கின்றன. எழுந்து நின்றதும் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை இரத்தம் கீழே இறங்கி, கால்களிலும் அடிவயிற்றிலும் உள்ள சிரைகளில் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைய, இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்குகிறது. கழுத்தில் நாம் நாடி பார்க்கும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் சுவருக்குள் பதிந்த நரம்பு நுனிகள் உண்டு. குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை அளப்பதே அவற்றின் வேலை. விரிவு குறைந்ததும் மூளையின் அடியில் இருக்கும் முகுளத்துக்குத் தகவல் போகிறது. முகுளத்திலிருந்து தண்டுவடம் வழியாகப் பரிவு நரம்புகளுக்கு உத்தரவு இறங்குகிறது. கால், வயிறு, சிறுநீரகம் ஆகியவற்றின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயம் நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து துடிப்பு கூடுதலாக அடிக்கிறது. நீங்கள் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போவதற்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது.

பள்ளிப் புத்தகத்தில் இந்த மண்டலத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு நினைவிருப்பது ஆபத்துதான்: புலி துரத்துகிறது, இதயம் படபடக்கிறது, கண் விரிகிறது, ஓடுகிறோம். தவறில்லை. ஆனால் நம்மில் யாரையும் புலி துரத்துவதில்லை. எழுந்து நிற்பது தினமும் பல முறை நடக்கிறது. இந்த மண்டலத்தை அபாயச் சங்காக மட்டும் பார்ப்பதால், முதியவர்கள் ஏன் இரவில் விழுகிறார்கள், சர்க்கரை நோயாளிக்குப் பாதம் ஏன் வெடிக்கிறது, தேள் கடித்தவர் ஏன் மூச்சுத் திணறிச் சாகிறார் போன்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் போய்விடுகிறது. எல்லாமே ஒரே நரம்புச் சங்கிலியின் கதைகள்.

பெயரே கொஞ்சம் குழப்புகிறது. 'பரிவு' என்றால் நமக்கு இரக்கம், கரிசனம். மூலக் கிரேக்கச் சொல்லின் பொருள் 'சேர்ந்து உணர்தல்'. ஒரு உறுப்பு நோவுற்றால் இன்னொன்றும் சேர்ந்து வாடுகிறதே, உறுப்புகளை இணைக்கும் நரம்பு ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் காலத்திலிருந்தே உண்டு. பாரிசில் பணியாற்றிய உடற்கூறியலாளர் ஜேக்கப் வின்ஸ்லோ 1732இல் முதுகெலும்பின் ஓரமாக ஓடும் சங்கிலிக்கு 'பெரும் பரிவு நரம்பு' என்று பெயர் வைத்தார். பழைய எண்ணம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் லாங்லி 1905இல் தானாக இயங்கும் நரம்புகளின் இன்னொரு பிரிவுக்கு வைத்த பெயரை நாம் 'எதிர்ப்பரிவு' என்று தமிழாக்கினோம். அவர் பயன்படுத்திய முன்னொட்டுக்கு 'பக்கத்தில்' என்றுதான் பொருள், 'எதிராக' என்றல்ல. இந்த மொழிபெயர்ப்பு நம் மாணவர்கள் மனதில் ஒரு தராசை உருவாக்கிவிட்டது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று. இதயத்திலும் குடலிலும் ஓரளவு அப்படித்தான். ஆனால் பெரும்பாலான இரத்தக் குழாய்களுக்கும் வியர்வைச் சுரப்பிகளுக்கும் எதிர்ப்பரிவு நரம்பே கிடையாது. அங்கே பரிவு நரம்பு மட்டும்தான்.

அப்படியானால் குழாய் விரிவது எப்படி? 1850களின் தொடக்கத்தில் பாரிசில் க்ளோட் பெர்னார் ஒரு முயலின் கழுத்தில் ஒரு பக்கப் பரிவு நரம்பை மட்டும் வெட்டினார். அந்தப் பக்கக் காது சிவந்து சூடாகியது. மறுபக்கக் காது பழையபடியே இருந்தது. வெட்டிய நரம்பின் மேல்முனையை மின்சாரத்தால் தூண்டியபோது காது மறுபடி வெளிறியது. அதாவது, எந்த ஆபத்தும் இல்லாமல் முயல் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்திலும் அந்த நரம்பு காதின் இரத்தக் குழாய்களைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தபடியே இருந்திருக்கிறது. நமக்கும் அப்படித்தான். பரிவு நரம்பு ஓய்விலும் ஓயாமல் மெல்லத் துடிக்கிறது. துடிப்பைக் கூட்டினால் குழாய் சுருங்கும், குறைத்தால் விரியும். ஒரே கயிற்றைத் தளர்த்தியும் இழுத்தும் இரண்டு வேலையும் பார்த்துக்கொள்கிறது.

சரி, அந்தக் கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது?

தண்டுவடத்தைக் குறுக்காக வெட்டினால் நடுவில் சாம்பல் நிறத்தில் வண்ணத்துப்பூச்சி போல ஒரு வடிவம் தெரியும். மார்புப் பகுதியிலும் அதை ஒட்டிய இடுப்பின் மேல்பகுதியிலும் மட்டும் அதன் பக்கவாட்டில் சின்னதாக ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பரிவு நரம்பின் முதல் செல்கள் இருப்பது அந்தக் கொம்பில். மார்புப் பகுதியின் முதல் கண்டத்திலிருந்து இடுப்புப் பகுதியின் இரண்டாம் கண்டம் வரை, சிலருக்கு மூன்றாவது வரை, இது நீள்கிறது. கழுத்துத் தண்டுவடத்தில் இந்தக் கொம்பு கிடையாது, அடிமுதுகிலும் கிடையாது. தலைமுடி வேரிலிருந்து கால் பெருவிரல் வரை போகும் அத்தனை பரிவு இழைகளும் நடு முதுகின் இந்த ஒரு துண்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

அதனால்தான் சங்கிலி தேவைப்படுகிறது. முதுகெலும்பின் இரு பக்கமும் உருத்திராட்ச மாலை போல ஒவ்வொரு நரம்புச் சரம் மண்டையோட்டின் அடியிலிருந்து வால் எலும்பு வரை ஓடுகிறது. மாலையின் மணிகள்தான் நரம்பு முடிச்சுகள். ஒரு பக்கத்துக்குக் கழுத்தில் 3, மார்பில் 11 போல, இடுப்பில் 4, அதற்குக் கீழே 4. ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு மாறும். கழுத்தின் கடைசி முடிச்சும் மார்பின் முதல் முடிச்சும் பெரும்பாலானோருக்கு ஒட்டி ஒன்றாகி, நட்சத்திர முடிச்சு என்ற பெயரோடு முதல் விலா எலும்பின் அருகே இருக்கிறது. கடைசியில் இரண்டு சரமும் வால் எலும்பின் முன்னால் ஒரே முடிச்சில் சேர்ந்துகொள்கின்றன.

கொம்பிலிருந்து வரும் இழை 'வெள்ளைக் கிளை' வழியாகச் சங்கிலிக்குள் நுழைகிறது. அங்கே அதற்கு மூன்று வழி: அதே மட்டத்து முடிச்சில் அடுத்த செல்லைத் தொடலாம், சரத்துக்குள்ளேயே மேலேயோ கீழேயோ பயணித்து வேறொரு முடிச்சில் தொடலாம், எங்கேயும் நிற்காமல் கடந்து வயிற்றுக்குள் போகலாம். முடிச்சில் தொடங்கும் இரண்டாவது செல்லின் இழை 'சாம்பல் கிளை' வழியாகத் தண்டுவட நரம்புகளில் ஏறிக்கொண்டு தோலுக்கும் தசைக்கும் போகிறது. வெள்ளைக் கிளைகள் நடு முதுகில் மட்டும், சாம்பல் கிளைகள் 31 ஜோடி நரம்புகளுக்கும். உடற்கூறியல் படிக்கிற மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. ஏறும் படிகள் நடுவில் மட்டும், இறங்கும் படிகள் எல்லாத் தளத்திலும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஒரே ஓர் இழையைத் தொடர்ந்து போய்ப் பார்க்கலாம். கண் பாவையை விரிக்கும் இழை மூளையின் ஹைபோதாலமஸிலிருந்து கிளம்பி, முகுளம், கழுத்துத் தண்டுவடம் எல்லாம் தாண்டி மார்பின் முதல் கண்டம் வரை இறங்குகிறது. கண் இருப்பது மேலே. இது கீழே வந்துவிட்டது. அங்கிருந்து வெளியேறி நுரையீரலின் உச்சியை உரசியபடி மறுபடி மேலே ஏறி, கழுத்தின் மேல் முடிச்சில் செல் மாறி, கழுத்துத் தமனியைக் கொடி போலச் சுற்றிக்கொண்டு மண்டைக்குள் நுழைந்து கண்ணைச் சேர்கிறது. இந்தச் சுற்று வழியில் எங்கே அடி பட்டாலும் முகத்தில் தெரியும்: மேலிமை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தொங்கும், பாவை சுருங்கும், அடி பட்ட இடத்தைப் பொறுத்து முகத்தின் அந்தப் பாதி வியர்க்காமலும் போகலாம். சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் யோஹான் ஹார்னர் 1869இல் விவரித்ததால் அவர் பெயரில் வழங்குகிறது. பல வருடம் புகைபிடித்த ஒருவருக்குத் தோளில் வலி, கூடவே ஒரு பக்கக் கண் மட்டும் சற்றே சின்னதாகத் தெரிகிறது என்றால் மருத்துவர் கண்ணோடு நிறுத்தாமல் நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்வார். நுரையீரல் உச்சியில் வளரும் புற்றுக் கட்டி அந்த இழையை அழுத்தியிருக்கலாம்.

வயிற்றுக்குப் போகும் இழைகள் சங்கிலியில் நிற்காமல், பெருந்தமனியின் முன்னால் இருக்கும் தனி முடிச்சுகளில் செல் மாறுகின்றன. அங்கிருந்து இரைப்பை, கல்லீரல், குடல், சிறுநீர்ப்பை என்று பிரிகின்றன. குடலின் அசைவு மந்தமாகிறது, கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது, சிறுநீர்ப்பையின் வாய் இறுகிச் சிறுநீரைத் தேக்குகிறது. இதில் ஒரு விதிவிலக்கு அட்ரினல் சுரப்பி. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அதன் உட்பகுதிக்கு முதல் செல்லின் இழையே நேராக வந்துவிடுகிறது. இரண்டாவது செல் இருக்க வேண்டிய இடத்தில், இழை முளைக்காத செல்கள் இருக்கின்றன. அவை இழை நீட்டுவதற்குப் பதிலாக வேதிப்பொருளை நேரே இரத்தத்தில் கொட்டுகின்றன. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அட்ரினலின், மீதி நார் அட்ரினலின். வளர்ச்சியின் கணக்கில் பார்த்தால் அந்த உட்பகுதி ஒரு நரம்பு முடிச்சுதான்.

முடிச்சுக்குள் முதல் செல் இரண்டாவதோடு பேசும் மொழி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். இரண்டாவது செல் உறுப்போடு பேசும் மொழி பெரும்பாலும் நார் அட்ரினலின். 1946இல் இதை உறுதிசெய்த ஸ்வீடன் நாட்டவர் உல்ஃப் வான் ஆய்லர் 1970இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரே வேதிப்பொருள் ஓரிடத்தில் சுருக்குகிறது, இன்னோரிடத்தில் தளர்த்துகிறது என்றால் பெற்றுக்கொள்ளும் பக்கத்தில்தான் வித்தியாசம். அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948இல் அந்த வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் செல்லின் பாகங்களான ஏற்பிகளில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகையைச் சொன்னார். ஆல்பா இரத்தக் குழாயைச் சுருக்கும். பீட்டா இதயத்தை வேகப்படுத்தும், மூச்சுக் குழாயை விரிக்கும். இன்றைக்கு மருந்துக் கடையில் வாங்கும் பல பிபி மாத்திரைகள் இந்தப் பிரிவினையிலிருந்து பிறந்தவை.

வியர்வை மட்டும் வேறு. வியர்வைச் சுரப்பிக்குப் போவதும் பரிவு இழைதான், ஆனால் அது அங்கே அசிட்டைல்கோலினை விடுகிறது. கேட்பதற்குத் தேர்வுக்கான துணுக்கு போலத் தோன்றும், ஆனால் உயிர் காக்கும் விஷயம். இன்சுலின் போடுகிற ஒருவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும். அவரே பீட்டா தடுப்பு மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால் நடுக்கமும் படபடப்பும் அடங்கிப்போகலாம். வியர்வை அடங்காது, ஏனென்றால் அது பீட்டா வழியில் வருவதில்லை. இரண்டு மருந்தும் எடுக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், காரணமில்லாமல் குளிர்ந்த வியர்வை வரும்போது 'புழுக்கம்' என்று விட்டுவிடாமல் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

'சண்டை அல்லது ஓட்டம்' என்ற வாசகம் ஹார்வர்டின் வால்டர் கேனனோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. நாய் குரைக்கும்போது கூண்டிலிருந்த பூனையின் இரத்தத்தில் அட்ரினலின் ஏறுவதைப் பார்த்தவர் அவர். 1915இல் அதை ஒரு நூலாக எழுதினார். அதே கேனன் பிறகு பூனைகளின் இரு பக்கப் பரிவுச் சங்கிலியையும் முழுதாக எடுத்துவிட்டுப் பார்த்தார். பூனைகள் உயிரோடு இருந்தன. கதகதப்பான ஆய்வகத்தில் சாப்பிட்டுத் தூங்கின. குளிரில் வைத்தபோது மயிரைச் சிலிர்க்க முடியாமல், உடல் வெப்பத்தைக் காக்க முடியாமல் தவித்தன. பின்னாளில் இந்த இரண்டாவது சோதனையை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள் என்பது என் வருத்தம். மாறும் உலகில் உடம்பை நிலையாக வைத்திருக்கும் வேலையைத்தான் அந்தப் பூனைகள் இழந்திருந்தன.

எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் கூவும் என்ற எண்ணமும் சரியல்ல. 1960களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் உப்சாலாவில் ஹாக்பார்த், வால்போ என்ற இருவர் விழித்திருக்கும் மனிதரின் நரம்புக்குள்ளேயே மெல்லிய ஊசி மின்முனையைச் செருகி, பரிவு இழைகள் பேசுவதைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். தசைக்குப் போகும் இழைகள் இதயத் துடிப்போடு தாளம் சேர்ந்து வெடிக்கின்றன; இரத்த அழுத்தம் இறங்கினால் வேகமெடுக்கின்றன. தோலுக்குப் போகும் இழைகள் இரத்த அழுத்தத்தை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. திடீரென்று யாராவது கையைத் தட்டினால் துள்ளுகின்றன. ஒரே காலில் ஓடும் இரண்டு வகை இழைகளுக்கு இரண்டு தனித்தனி மேற்பார்வை. நாதஸ்வரம் உச்சத்துக்கு ஏறும்போது கையில் புல்லரிக்கிறதே, அதுவும் பரிவு இழைதான், ஒவ்வொரு மயிரின் அடியிலும் இருக்கும் சின்னத் தசையைச் சுண்டுகிறது. அங்கே எதிரியும் இல்லை, ஓட்டமும் இல்லை.

எல்லா இழைகளும் உண்மையிலேயே ஒன்றாகக் கூவினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. இந்தியச் சிவப்புத் தேளின் அறிவியல் பெயரில் 'டாமுலஸ்' என்று ஒரு பகுதி வரும். அன்றைய ஐரோப்பியர்கள் லத்தீனில் தமிழைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் அது. 1798இல் டென்மார்க் விலங்கியலாளர் ஃபப்ரீசியஸ் வைத்தது. இந்தத் தேளின் நஞ்சு நரம்பு இழைகளில் சோடியம் நுழையும் வாசல்களை மூட விடாமல் பிடித்துக்கொள்கிறது. இழைகள் நிறுத்தாமல் சுடுகின்றன. நார் அட்ரினலினும் அட்ரினலினும் வெள்ளமாகப் பாய, கை கால் ஐஸ் போலச் சில்லிடுகின்றன, உடம்பெல்லாம் வியர்வை, இரத்த அழுத்தம் உச்சத்தில். இறுகிய குழாய்களுக்கு எதிராக அடித்து அடித்து இதயம் களைத்து, நுரையீரலில் நீர் கோக்கிறது. நுரை தள்ளி மூச்சுத் திணறுகிறார்கள். பலி பெரும்பாலும் குழந்தைகள்.

மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில் மகாத் என்ற சிறு ஊர்ப் பக்கம் வேலை பார்த்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்தச் சாவுகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். பிரச்சினை ஆல்பா ஏற்பிகளின் மிகையான இறுக்கம் என்றால், ஆல்பாவைத் தடுக்கும் பிரசோசின் என்ற மாத்திரை இருக்கிறதே என்று யோசித்தார். அது ஏற்கெனவே பிபிக்குக் கொடுக்கப்பட்டு வந்த மருந்து, விலையும் குறைவு. 1986இல் லான்செட் மருத்துவ இதழில் அவர் முடிவுகள் வந்தன. அதற்கு முன் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் மூன்று நான்கு பேருக்கு ஒருவர் இறந்த இடத்தில், பிறகு நூற்றுக்குச் சிலர் என்ற அளவுக்குச் சாவு குறைந்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எந்த ஏற்பி மிகையாகத் தூண்டப்படுகிறது என்று கிராமத்தில் இருந்தபடியே ஒருவர் சரியாக யோசித்ததால் பிழைத்த குழந்தைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நெகிழ்கிறது.

தண்டுவடம் முறிந்தவர்களிடம் இதன் இன்னொரு வடிவம் உண்டு. மரத்திலிருந்து விழுந்தோ சாலை விபத்திலோ மார்பின் ஆறாவது கண்டத்துக்கு மேலே தண்டுவடம் அறுபட்டால், கீழேயிருக்கும் பரிவு செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. மேலிருந்து அடக்கும் உத்தரவுதான் வந்து சேராது. சிறுநீர்க் குழாய் மடங்கிச் சிறுநீர்ப்பை நிரம்பினால் போதும், கீழ்ப்பாதி முழுவதும் குழாய்கள் இறுகி இரத்த அழுத்தம் ஆபத்தான உயரத்துக்கு ஏறும். மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்க்கும். வீட்டில் கவனித்துக்கொள்பவர்கள் உடனே அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனை.

எதிர் முனையில் இருப்பது நரம்பு சத்தமில்லாமல் தேய்வது. நீண்ட நாள் சர்க்கரை நோயில் நீளமான இழைகள்தான் முதலில் பழுதாகின்றன, அதாவது பாதத்துக்குப் போகிறவை. பாதம் வியர்க்காமல் வறண்டு வெடிக்கிறது. வெடிப்பில் கிருமி நுழைந்து புண்ணாகிறது. தேய்மானம் மேலே ஏற ஏற, நிற்கும்போது குழாயை இறுக்கும் வேலையும் தளர்கிறது. இதோடு வயதும் சேர்ந்து, புராஸ்டேட்டுக்காகச் சாப்பிடும் மாத்திரையும் சேர்ந்தால்? சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்தும் அந்த மாத்திரைகளில் பலவும் ஆல்பா தடுப்புகள், தேள்கடிக்குக் கொடுத்த பிரசோசினின் உறவுக்காரர்கள். என் அப்பா ஒரு நாள் இரவு 2 மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தவர், கண் இருட்டிக்கொண்டு வந்து கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். தலை மோதாமல் தப்பியது அதிர்ஷ்டம். அந்த மாத்திரை தொடங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் மருத்துவர் வேளையையும் அளவையும் மாற்றிக் கொடுத்தார்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிபி பார்க்க வேண்டும். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது இயல்பல்ல. கூடவே நாடியையும் எண்ண வேண்டும். பிபி இறங்கும்போது நாடி நன்றாக எகிறினால் உடம்பில் நீர் குறைந்திருக்கலாம். பிபி இறங்கியும் நாடி அசையாமல் இருந்தால் நரம்பே தளர்ந்திருக்கலாம், இதயத்தை மெதுவாக்கும் மாத்திரை எதுவும் இல்லை என்றால். பல இடங்களில் உட்கார வைத்து ஒரே ஒரு முறை பிபி பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் அறுபது தாண்டியவர், அதிலும் சர்க்கரையோ தலைசுற்றலோ உள்ளவர் இருந்தால், அடுத்த முறை போகும்போது "நிற்க வைத்தும் ஒரு தடவை பாருங்கள்" என்று கேளுங்கள்.